சுடாத கல்

சென்ற வாரக் கதையில் பூமாரியை ராஜபாளையம் பஸ்ஸிலிருந்து இறக்கி, ஏழு மாத வயிற்றோடும் கை நிறைய வளைகாப்பு வளையலோடும் பஸ் ஸ்டாண்டில் நிற்க வைத்துவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட்டேன். அதற்காக என் மேல் கோபப்பட்டவர்கள் சமாதானமாகலாம். பெண் பத்திரமாக வீடு வந்து சேர்ந்துவிட்டாள். வந்த மூன்றாம் நாளே அம்மாவோடு சண்டையும் போட்டுவிட்டாள். பிறந்த வீடு என்றால் அப்படித்தான்.

சண்டை ஒரு தம்ளர் பாலுக்காக.

முப்பிடாதியம்மாளை இப்போதுதான் சந்திக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐம்பது வயது. புருஷன் கிராமத்தில் வயலோடு கிடப்பவர், திருவிழாவுக்குத்தான் வீட்டுக்கு வருவார். நினைத்ததை முடிக்காமல் ஓய மாட்டாள். மகளுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷத்திலேயே ஊர் முணுமுணுக்கத் தொடங்கியபோது, நேராகக் கோமதி அம்மன் சன்னதியில் போய் நின்று பேரம் பேசியவள் அவள். என் மகள் மடியில் ஒரு பிள்ளையைக் கொடு. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிற வரைக்கும் கறி, மீன், முட்டையைத் தொட மாட்டேன். பால், தயிர், மோர், நெய் எதுவும் நாக்கில் படாது. என் வீட்டுப் பசுவின் பால் முழுக்க உன் அபிஷேகத்துக்கு.

பேரம் பேசி ஆறு வருஷம் ஆயிற்று. இத்தனை வருஷத்தில் ஒரு சொட்டு மோர் அவள் இலையில் விழுந்ததில்லை. அம்மனும் சும்மா இருக்கவில்லை என்பதற்குப் பூமாரியின் வயிறே சாட்சி.

இனி அன்றைய காலைக்கு வருவோம்.

அபிஷேகப் பாலில் மகளுக்காக ஒரு தம்ளர் எடுத்துக்கொள்ள முப்பிடாதி அம்மனிடமே அனுமதி கேட்டு வாங்கியிருந்தாள். அந்தத் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பூமாரி அடுப்படிக்கும் புறவாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். குடித்த பாட்டைக் காணோம். அம்மா அதட்டினால் பொறவு குடிக்கேன் என்பாள். ஆறிப்போகுது என்றால் ஆறினாத்தான் பிடிக்கும் என்பாள். கடைசியில் அம்மா குளிக்கப் போன நேரத்தில் தம்ளர் காலியாகக் கழுவிக் கவிழ்த்தப்பட்டிருந்தது.

பூமாரியின் தம்பி குருநாதன் அப்போது காபி குடித்துக்கொண்டிருந்தான். கடைவீதியில் மருந்துக்கடை வைத்திருக்கிறவன், இன்னும் கல்யாணமாகாதவன், தன்னைப் பாதி டாக்டர் என்று நம்புகிறவன். அக்கா வந்ததிலிருந்து தன் காபி நல்ல கெட்டியாக, பசும்பால் மணத்தோடு இருப்பதை அவன் கவனித்திருந்தான். அக்கா கைப்பக்குவம் என்று நினைத்துக்கொண்டான். ஆம்பளைகளுக்கு இதற்கு மேல் யோசனை ஓடாது.

பூமாரி வேறொன்றைக் கவனித்தாள். குழாயடியில் முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடிய அம்மா, நின்ற இடத்திலேயே ஒரு பக்கமாகச் சாய்ந்து சுவரைப் பிடித்துக்கொண்டாள். பூமாரி ஓடி வந்து தலை சுற்றுகிறதா என்று கேட்டாள்.

"தலை ஒண்ணும் சுத்தலட்டி. தரைதான் பஞ்சு மாதிரி இருக்கு."

முந்தின நாள் கோயிலுக்குப் பால் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தபோதும் இப்படித்தான். ஒரு காலில் மட்டும் செருப்போடு வந்தாள். மற்றது தெருமுனையில் கிடந்தது. எப்போது கழன்றது என்றே தெரியவில்லையாம். வயசாகுதுல்லா என்று சிரித்தாள். ஐம்பது ஒரு வயசா?

குருநாதனைக் கேட்டால் கவலையே படாதே என்றான். போன வருஷம் அம்மா வெளிறிப்போய், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவாளாம். ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தால் பாதி கூட இல்லை. அவனே யோசித்து, மஞ்சள் நிறத்தில் பொட்டு போல ஒரு மாத்திரை கொடுத்தான். ஃபோலிக் ஆசிட். கர்ப்பிணிகளுக்கு டாக்டர்கள் எழுதுவது, ரத்தம் ஊற வைப்பது. ஒரே மாதத்தில் அம்மாவின் முகம் தெளிந்தது, மூச்சு வாங்குவது நின்றது, பழையபடி பசுவோடு மல்லுக்கட்டப் போய்விட்டாள். பிறகு கால் மதமதவென்று இருக்கிறது என்றாள். மாத்திரையை இரண்டாக்கினான். அப்புறம் மூன்றாக்கினான். கடையில் யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்லாமல் விட மாட்டான்.

மஞ்சள் நிறம் என்பதால் முப்பிடாதிக்கு அந்த மாத்திரை மேல் ஒரு தனி மரியாதை. கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் விழுங்குவாள்.

கோயிலில் கொடியேறிவிட்டது. ஆடித்தபசு முடிகிற வரைக்கும் சங்கரன்கோவிலில் பாதிப் பேருக்கு வீட்டில் கால் தரிக்காது. ஆடிச்சுற்று என்று கோயிலைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். அம்மன் தபசில் ஒற்றைக் காலில் நிற்கிறாளே, அவள் கால் வலியில் நாமும் கொஞ்சம் பங்கு வாங்கிக்கொள்வோம் என்ற எண்ணம். மகள் உண்டாகியிருக்கிறாள் என்று கடிதம் வந்த அன்றே முப்பிடாதி இந்த வருஷச் சுற்றை நேர்ந்துகொண்டாள். அம்மன் ஒத்தைக் கால்ல நின்னா, நான் ரெண்டு கால்ல நடக்க மாட்டேனா என்று கேட்டால் யார் என்ன சொல்வது?

அன்றைக்கு உச்சி வெயில். ஆடிக் காற்று அடித்தாலும் வெளிப்பிரகாரத்துக் கல் அடுப்பில் வைத்த தோசைக்கல்லாகக் கிடந்தது. சுற்றுகிற பெண்கள் தண்ணீர் தெளித்த இடம் பார்த்துத் தாவினார்கள், நிழலைக் கண்டால் ஒதுங்கினார்கள். முப்பிடாதி மட்டும் தாவவும் இல்லை, ஒதுங்கவும் இல்லை. ஈர மண்ணில் நடப்பவள் போல ஒரே சீராக, காலைக் கொஞ்சம் அகட்டி வைத்து, தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

ராயகிரியிலிருந்து வந்த வள்ளித்தாய் என்கிற அம்மாள்தான் முதலில் கவனித்தவள். இரண்டு சுற்று கூடவே வந்து பார்த்தாள். மூன்றாவது சுற்றில் மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். அம்மன் இவளுக்குச் சூட்டை எடுத்துவிட்டாள் என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி குனிந்து முப்பிடாதியின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மண்டப நிழலில் உட்கார்ந்திருந்த பூமாரிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என் அம்மா என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டாள்.

அப்போதுதான் முப்பிடாதி நடந்த வழியில் சிவப்பாக ஒரு தடம் தெரிந்தது. ஒரு அடி விட்டு ஒரு அடி.

வள்ளித்தாய் அதைக் குங்குமம் என்று நினைத்தாள். யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். குனிந்து விரலால் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டாள். இட்ட விரலைப் பார்த்தாள். விரல் பிசுபிசுத்தது.

பூமாரி வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஓடினாள். அம்மாவைப் பிடித்து நிறுத்தித் தூணோரம் உட்கார வைத்தாள். வலது உள்ளங்காலில் பச்சைக் கண்ணாடி வளையல் துண்டு ஒன்று பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. நெரிசலில் யாருடைய வளையலோ உடைந்திருக்கிறது. குதிகாலில் தோல் வெந்து கொப்புளமாகத் தொங்கியது.

"அம்மா, கண்ணாடி குத்தியிருக்கும்மா. எவ்வளவு நேரமா இப்படி நடக்கே?"

முப்பிடாதி குனிந்து பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

"எந்தக் கால்லட்டி?"

சுற்றி நின்ற பெண்கள் குலவையிட்டார்கள். வலியையும் அம்மனே வாங்கிக்கொண்டாள் என்று ஒருத்திக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. பூமாரிக்கும் அப்படி நம்ப ஆசைதான். ஆனால் அந்தக் கேள்வி அவள் காதை விட்டுப் போகவில்லை. தன் காலில் ரத்தம் ஒழுகுகிறவள், எந்தக் கால் என்று கேட்கிறாள். அது அருளாக இருக்கட்டும், வேறு எதுவாகவும் இருக்கட்டும், பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியாது.

குருநாதன் தன் கடை பெஞ்சில் அம்மாவை உட்கார வைத்துத் துண்டை எடுத்தான், கழுவினான், கட்டுப் போட்டான். கை சுத்தமான வேலைக்காரன், அதில் குறை சொல்ல முடியாது. பஞ்சில் ஊறிய ரத்தத்தை வெளிச்சத்தில் காட்டி, எவ்வளவு நல்ல சிவப்பு பார் என்று அக்காவிடம் பெருமைப்பட்டான்.

பூமாரிக்கு வந்த கோபத்தில் அந்தப் பஞ்சையே அவன் வாயில் திணித்திருப்பாள்.

"வலிக்கலைங்கிறா அம்மா. நீ ரத்தத்தோட நெறத்தைப் பாக்கியே தம்பி. ரத்தம் நல்லா இருந்தா காலு ஏன் செத்துக் கிடக்கு?"

அவனோ மாத்திரையை நாலாக்கிப் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான். யோசித்ததை வாய்விட்டும் சொன்னான்.

அன்று மாலை பூமாரிக்கு டாக்டரம்மாவிடம் காட்ட வேண்டிய முறை. அம்மாவும் வரட்டும் என்றாள். முப்பிடாதிக்குச் சுற்று பாக்கி இருந்தது, எனக்கென்ன கேடு என்றாள். பிள்ளைத்தாய்ச்சி தனியாகப் போகலாமா என்று மகள் மூக்கை உறிஞ்சியதும் வழிக்கு வந்தாள். இந்த ஒரு வித்தையை மட்டும் எட்டு வருஷத்தில் பூமாரி மறக்கவில்லை. குருநாதனும் கடையைச் சாத்திவிட்டுக் கூடவே வந்தான். தன் வைத்தியத்தைப் பற்றி இன்னொருத்தர் பேசும்போது தான் இல்லாமலா?

டாக்டர் ஷம்சாத் பேகம் கடையநல்லூர்க்காரர். சுற்று வட்டாரத்தில் பாதிப் பிள்ளைகள் அவர் கையில் விழுந்தவைதான். பேச்சில் பூசிமெழுகல் கிடையாது. பூமாரியைப் படுக்க வைத்துப் பிள்ளையின் துடிப்பைக் கேட்டார், நன்றாக இருக்கிறது என்றார். மஞ்சள் மாத்திரை தினமும் ஒன்று, அது உனக்கு வேண்டியது, விடாதே என்றார். பால் குடிக்கிறாயா என்று கேட்டார். குடிக்கேன் டாக்டரம்மா என்று பூமாரி சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

பிறகு முப்பிடாதியின் கட்டைப் பார்த்து என்ன என்று கேட்டார். பூமாரி முழுதும் சொன்னாள். கேட்கக் கேட்க டாக்டரம்மாவின் முகம் மாறியது.

மேஜை இழுப்பறையிலிருந்து கவட்டை போல ஒரு இரும்புக் கம்பியை எடுத்துத் தட்டினார். அது ரீங்காரமிட்டது. முப்பிடாதியின் மணிக்கட்டு எலும்பில் வைத்தார். அதிருவது தெரிகிறது என்றாள். மறுபடி தட்டிக் கணுக்கால் எலும்பில் வைத்தார்.

"கம்பி நின்னுபோச்சும்மா" என்றாள் முப்பிடாதி.

டாக்டரம்மா அந்தக் கம்பியை அப்படியே எடுத்துக் குருநாதனின் மணிக்கட்டில் வைத்தார். அது இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. அவனுக்கு முதல் தடவையாகத் தன் வைத்தியத்தின் மேல் சந்தேகம் தட்டியது.

அடுத்து முப்பிடாதியை எழுந்து இரண்டு காலையும் சேர்த்து நிற்கச் சொன்னார். நின்றாள். இதென்ன பெரிய வித்தை என்கிற மாதிரி மகனைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள்.

"இப்போ கண்ணை மூடுங்க."

கண்ணை மூடினாள். அவ்வளவுதான். வெட்டின வாழை போலச் சாய்ந்தவளைக் குருநாதன் பாய்ந்து தாங்கிக்கொண்டான். கண்ணைத் திறந்தவளுக்குத் தான் ஏன் மகன் கையில் கிடக்கிறோம் என்று புரியவில்லை.

என்ன சாப்பிடுகிறாள் என்று டாக்டரம்மா கேட்டார். ஆறு வருஷ விரதத்தை முப்பிடாதி பெருமையாகவே சொன்னாள். என்ன மருந்து என்று கேட்டார். அதைக் குருநாதன் சொன்னான், இந்தத் தடவை பெருமை இல்லாமல். மூன்று மாத்திரை என்றபோது குரல் தேய்ந்துவிட்டது. ஆனாலும் ரத்தம் பன்னிரண்டு இருக்கிறது டாக்டர் என்று கடைசியாக ஒரு பிடி பிடித்துப் பார்த்தான்.

"உங்க அப்பா வயல்ல பம்புசெட்டு இருக்குல்லா தம்பி? மூணு பேஸ் கரண்டுல ஒரு பேஸ் போயிட்டா ரூம்ல பல்பு எரியுமா, எரியாதா?"

"எரியும்."

"பல்பு எரியுதேன்னு மோட்டாரைப் போட்டா?"

"மோட்டாரோட காயில் கருகிரும்" என்றான். சொன்ன பிறகுதான் அவனுக்கு விளங்கியது. தலையைக் குனிந்துகொண்டான்.

டாக்டரம்மா நிதானமாக விளக்கினார். இந்த உடம்பில் போயிருக்கிற பேஸ் பி-12 என்கிற சத்து. கறி, முட்டை, பால் இவற்றிலிருந்துதான் அது வர வேண்டும். ஆறு வருஷமாக எல்லாக் கதவையும் சாத்தியாயிற்று. அது குறைந்தால் ரத்தமும் கெடும், நரம்பும் கெடும். ஃபோலிக் ஆசிட்டை அள்ளிக் கொடுத்தால் ரத்தத்தை மட்டும் சரிசெய்துவிடும். முகம் தெளியும், மூச்சு வாங்காது, பரிசோதனையில் எல்லாம் நன்றாக இருக்கும். நரம்பு மட்டும் யாருக்கும் தெரியாமல் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும். அதிகமாகக் கொடுத்தால் அந்தக் கேடு இன்னும் வேகமாகும் என்றுகூடச் சில பேர் சொல்கிறார்கள். மாத்திரை மேல் குற்றம் இல்லை. பூமாரிக்கு அது வேண்டும். அம்மாவுக்கு அது மட்டும் என்றால் விஷப்பரீட்சை.

"வெளுத்துப் போயிருந்தப்பவே இங்கன கூட்டிட்டு வந்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். நீங்க வெளுப்பைத் துடைச்சுட்டீங்க. நோய் ஒளிஞ்சுக்கிடுச்சு."

குருநாதன் சட்டையில் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவனைப் பார்க்க எனக்கே பாவமாகத்தான் இருக்கிறது. அம்மா மேல் உள்ள பாசத்தில் செய்ததுதான். பாசத்தோடு கொஞ்சம் மண்டைக்கனமும் சேர்ந்துவிட்டது, வேறொன்றுமில்லை. டாக்டரம்மா அவனை அழ விடவில்லை. மதுரைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப முதலில் ரத்தம் எடுத்துக்கொள்கிறேன், முடிவுக்காகக் காத்திருக்கப் போவதில்லை, ஊசியை இப்போதே தொடங்குகிறேன் என்றார். கொதித்த தண்ணீரிலிருந்து கண்ணாடிச் சிரிஞ்சை இடுக்கியால் எடுத்தார். தட்டில் இரண்டு சின்னக் குப்பிகள் இருந்தன. உள்ளே மாதுளம்பழச் சாறு போலச் செக்கச்சிவப்பு.

அதைப் பார்த்ததும் முப்பிடாதி சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும். இது ஈரல் ஊசி. ஆட்டு ஈரல்ல எடுக்கது. வேண்டாம். காலு போனாப் போகட்டும். எம்பேத்தியோ பேரனோ வரட்டும், அதுக்குப் பொறவு பாத்துக்கிடலாம்."

பூமாரி கெஞ்சினாள். குருநாதன் காலைப் பிடித்தான். ஒன்றுக்கும் அவள் அசையவில்லை. இன்னும் இரண்டு மாதம் பொறுத்தால் நடக்கவே முடியாமல் போகலாம், பேரனைத் தூக்கிக்கொண்டு நிற்கக்கூட முடியாது என்று டாக்டரம்மா சொன்னபோது மட்டும் கண் கலங்கியது. அப்போதும் சேலையை விடவில்லை. வாக்கு வாக்குத்தான்.

ஷம்சாத் பேகம் ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். ஈரல் ஊசி என்று முன்பெல்லாம் ஒன்று போட்டது உண்மைதான், இன்றைக்கும் சில இடங்களில் போடுகிறார்கள். இது அதில்லை. தோசைமாவு புளிக்கிறதே, அது கண்ணுக்குத் தெரியாத கிருமி செய்கிற வேலை. அதே மாதிரி பெரிய தொட்டியில் ஒரு கிருமியை வளர்த்து அதிலிருந்து எடுக்கிறார்கள். ஆடும் இல்லை, மாடும் இல்லை.

"நெசமாவா? சைவமா?"

"அசல் சைவம். நான் பிரியாணி திங்கிறவ, எனக்கு வித்தியாசம் தெரியாதா?"

முப்பிடாதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையை நீட்டினாள்.

கால் பழையபடி ஆகுமா என்று பூமாரி கேட்டாள். நல்ல நேரத்தில் வந்திருக்கிறீர்கள், நிச்சயம் தேறும், எவ்வளவு தேறும் என்று மட்டும் போகப் போகத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டரம்மா. புண் ஆறும் வரை சுற்று கிடையாது. மஞ்சள் மாத்திரை அம்மாவுக்கு நிறுத்தம். ஊசி ஒரு நாளும் தவறக் கூடாது. இருட்டில் தனியாக நடக்க விடாதீர்கள். கண் பார்த்துச் சொன்னால்தான் இப்போதைக்கு அந்தக் காலுக்குத் தரை தெரியும்.

மூன்று பேரும் வீடு வந்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது. திருவிழா ஒலிபெருக்கி தெருவெல்லாம் முழங்கிக்கொண்டிருந்தது. தம்பிதான் அம்மாவைத் தாங்கிப் பிடித்து உள்ளே கொண்டுவந்தான். பூமாரி பின்னால் வந்தாள்.

முப்பிடாதி உட்கார்ந்ததும் உட்காராததுமாக மகளுக்குப் பால் காய்ச்சச் சொன்னாள். குருநாதன் காய்ச்சிக் கொண்டுவந்து நீட்டினான். பூமாரி வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். ஆறட்டும் என்றாள்.

அவன் அந்தத் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். மருந்துக்கடைக்காரனுக்கு அன்றைக்குத்தான் மூளை வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. காலையில் தான் குடித்த கெட்டிக் காபி அவன் நினைவுக்கு வந்தது.

"அக்கா, நீ பால் குடிக்கியா, இல்லையா?"

பூமாரி தம்ளரை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள். அம்மா அதட்டியதும் உடைந்துபோய்ச் சொன்னாள். நாலு வருஷமாகவாம். பிள்ளை எனக்கு, விரதம் மட்டும் உனக்கா என்று நினைத்தாளாம். ராஜபாளையத்தில் மாமியாருக்கும் தெரியாது, புருஷனுக்கும் தெரியாது. கறி வைத்தால் வயிற்றுக்கு ஆகவில்லை என்பாள், மோர் ஊற்றினால் சளி என்பாள். தம்பி அனுப்பிவைக்கிற மஞ்சள் மாத்திரையை மட்டும் ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதனால் ரத்தம் நன்றாக இருந்தது.

முப்பிடாதிக்கு ஆத்திரம் வந்துவிட்டது. ஆறு வருஷம் தான் பட்டினி கிடந்தது யாருக்காக? அந்தப் பெண்ணும், அந்தப் பெண்ணின் வயிற்றில் இருக்கிறதும் சேர்ந்து பட்டினி கிடக்கவா? தம்ளரை எடுத்து மகள் கையில் திணித்தாள்.

பூமாரி வாங்கவில்லை. அழுதுகொண்டே, ஆனால் அழுத்தமாகத்தான் சொன்னாள்.

"நீ விரதம் முடிக்கிற அன்னைக்குத்தாம்மா நானும் முடிப்பேன். நீ காலு போனாப் போகட்டும்னு சொன்னேல்லா, எனக்கு மட்டும் வேற நாக்கா?"

பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று முப்பிடாதி யாரையும் கேட்க முடியாது. ஊசியில் விரதம் தப்பித்துவிட்டது என்று வழியெல்லாம் சந்தோஷப்பட்டுக்கொண்டு வந்தவள் அவள். சுவரில் மாட்டியிருந்த கோமதி அம்மன் படத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் உதடு மட்டும் அசைந்தது. என்ன பேசினாளோ, பழைய பேரத்தை அவள்தான் போட்டாள், அவளேதான் பேசி முடிக்க வேண்டும்.

பிறகு தம்ளரை எடுத்து அண்ணாந்து மடமடவென்று பாதியைக் குடித்தாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு தொண்டையில் இறங்கிய பால் அவளைப் புரையேற வைத்தது. இருமிக்கொண்டே மீதியை மகளிடம் நீட்டினாள்.

"கோமதித் தாயே தபசை முடிச்சு, சாமியைப் பாத்துட்டு வீட்டுக்குப் போறா. நாம என்ன, அவளை விடப் பெரிய ஆளா? குடிட்டி."

பூமாரி குடித்தாள். கண்ணீரும் பாலும் சேர்ந்து போயின. குருநாதன் இன்னொரு தம்ளர் காய்ச்ச எழுந்தான். நாளையிலிருந்து முட்டை என்றான், மீன் என்றான், தபசுக்கு வருகிற அப்பாவிடம் எல்லாவற்றையும் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றான். வீட்டில் அத்தனை நாளாக இல்லாத கலகலப்பு வந்துவிட்டது.

மாட்டுக்குத் தண்ணீர் வைக்க வாசலுக்குப் போனவன் அங்கேயே நின்றுவிட்டான்.

"அக்கா, உன் இன்னொரு செருப்பு எங்க?"

"அங்கனதான் கழட்டிப் போட்டேன். ரெண்டும் போட்டுட்டுத்தான வந்தேன்" என்றாள் பூமாரி உள்ளேயிருந்து.

வாசல்படியில் அவள் செருப்பு ஒன்றுதான் கிடந்தது. குருநாதன் டார்ச்சை எடுத்துத் தெருவில் அடித்தான். அடுத்த வீடு தாண்டி, விளக்குக் கம்பத்துக்கு அந்தப் பக்கம், மற்றது கிடந்தது.

பூமாரி நிலைப்படிக்கு வந்து அதைப் பார்த்தாள். பிறகு குனிந்து தன் வலது காலைப் பார்த்தாள். உள்ளங்காலெல்லாம் தெருப் புழுதி.

முப்பிடாதி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். குரலில் நடுக்கம் இல்லை.

"ஏலே குருநாதா, வண்டியைக் கூப்பிடு. டாக்டரம்மா இன்னும் கிளம்பியிருக்க மாட்டா. அந்தச் சிவப்பு மருந்து இன்னொரு குப்பி தட்டுல இருந்துது. நான் பாத்தேன்."